பொட்டு வைத்த டாலர்

மேகம் இறங்கி மலையை மூடிவிடுகிற நாட்களில் நான் கவுண்டரில் உட்காருவதில்லை. கடையைத் திறந்து, விளக்கேற்றி, அன்றைய ரேட்டைப் பலகையில் எழுதி, என் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைப் பக்கம் போய்விடுவேன். எழுபத்திரண்டு வயதில் மழையில் நனைந்துகொண்டு இந்த மனிதர் எங்கே போகிறார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். இந்தத் தெருவில் என்னைப் பற்றிப் பேசாத நாள் எது?

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கினேன், ரிக்‌ஷா மிதித்தேன், பிறகு சொந்த ஆட்டோ. அந்த ஆட்டோவில் ஏறிய வெளிநாட்டுக்காரர்களிடமிருந்தே பணம் மாற்றுகிற தொழிலைக் காதால் பொறுக்கிக் கற்றேன். இன்றைக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஏஜென்ட்டாக, சட்டப்படி லைசென்ஸ் தொங்கும் கவுண்டர், வாடகைக்கு விட மாடியில் நாலு அறைகள், எல்லாம் இந்தக் கையால் வந்தவை. எந்தத் தேசத்து நோட்டாக இருந்தாலும் விரலில் ஒருமுறை உருட்டினால் போதும், நல்லதா கள்ளமா சொல்லிவிடுவேன். செத்தவர்களைக் கண்டு பயப்படுகிற ஆளும் இல்லை. மூட்டை தூக்கிய காலத்தில் ஈசானிய லிங்கத்துக்கு அந்தப்பக்கம் சுடுகாட்டு மேட்டில் துண்டை விரித்துத் தூங்கியவன்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்து சொல்லப்போவதைக் கேட்டு, கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பீர்கள். மழை நாளில் என் கவுண்டர்க் கண்ணாடியில் பனி படரும்போது ஒரு இடத்தில் மட்டும் படர்வதில்லை. உள்ளங்கை அகலம் இருக்கும். குள்ளமான ஒருவர் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றால் எந்த உயரமோ, அந்த உயரம். அது தெரியாதபடி என் மனைவி கண்ணாடி முழுவதையும் துணியால் துடைத்துவிடுகிறாள். "ஏசி காத்து அங்க அடிக்குது, அதான்" என்கிறாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஏசி கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

அங்கே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நிற்பவர், என் மாடியில் பல வருஷம் குடியிருந்த அமெரிக்க அம்மா. ஆறு மாதம் இங்கே, விசா முடிந்தால் கொஞ்ச நாள் அவர் ஊரில், மறுபடியும் இங்கே என்று போய் வந்துகொண்டிருந்தார். தமிழைக் காய்கறிக் கடைப் பெண்களிடம் கற்றவர். ஜாஸ்தி, கம்மி எல்லாம் சரளமாக வரும். என்னை அண்ணா என்பார். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதை நான் எடுத்துச் சொல்லியதில்லை.

மாடியில் அவர் அறை ஜன்னலில் ஒரு காலத்தில் மலை முழுசாகத் தெரிந்தது. எதிரே யாரோ நாலு மாடி லாட்ஜ் கட்டினார்கள். மலை போய்விட்டது, தண்ணீர்த் தொட்டி வந்தது. அவர் அதற்கு முணுமுணுத்ததில்லை. தினமும் படியிறங்கி வந்து தெரு முனையில் நின்று பார்த்துக்கொள்வார். போன வருஷம் வைகாசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவர் நேராகக் கவுண்டருக்கு வந்தார்.

"அண்ணா, ரத்தத்துல நோவு. டாக்டர் சொல்லிட்டாங்க. எனக்கு டைம் கம்மி."

"எந்த டாக்டர்? நான் வேலூருக்குக் கூட்டிட்டுப் போறேன். பெரிய டாக்டர்லாம் எனக்குத் தெரிஞ்சவங்க."

"வேணாம். டாக்டர் வேணாம், மலை வேணும். அப்பால என்னால படி எறங்க முடியாது. படுத்தா தெரியணும். படுத்துக்கிட்டே போயிடணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. என்னால் முடியாத காரியமா? மறுநாளே அடி அண்ணாமலையில் ஒரு வீட்டைக் காட்டினேன். டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவருடையது. சின்ன வீடு, ஒரு அறை, சமையல்கட்டு, கிழக்கே பெரிய ஜன்னல். ஜன்னல் நிறைய மலை. அந்த அம்மா உள்ளே போனதும் வெறும் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். பாய் பதறிவிட்டார்.

"இன்னா அண்ணே, அம்மாவுக்கு மயக்கமா? தண்ணி கொண்டாரட்டா?"

"மயக்கம் இல்ல பாய். வூடு பாக்கறாங்க."

தரையிலிருந்தே, "தெரியுது அண்ணா" என்றார் அவர்.

பாய் வாடகைக்கு விடுவதாக இல்லை. பெண்ணுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். போக்கியத்துக்குத்தான் தருவேன் என்றார். மொத்தமாக எட்டு லட்சம் கையில் கொடுத்துவிட்டால் வாடகை இல்லாமல் இருந்துகொள்ளலாம், காலி செய்யும்போது எட்டு லட்சமும் திரும்பி வரும். எங்கள் பக்கத்து வழக்கம். தீபாவளிக்கு முந்திப் பணம் வர வேண்டும், இல்லையென்றால் வேறு பார்ட்டி தயாராக இருக்கிறது என்றார். அந்த அம்மாவுக்கு அவர் ஊர் வங்கியில் அதைப்போலப் பல மடங்கு இருந்தது. ஏழு கடல் தாண்டி வந்து இருக்கிறவர்களுக்கு இதுதான் தொல்லை. பணம் இருக்கும், அவர்கள் இருக்கிற இடத்தில் இருக்காது.

ஏடிஎம் மெஷினில் எடுக்கத் தொடங்கினோம். ஒரு தடவைக்குப் பத்தாயிரம்தான் வரும். ஒவ்வொரு தடவையும் இங்கே ஒரு கட்டணம், அங்கே ஒரு கட்டணம். தினமும் நான் ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன். ஒரு மெஷினில் பணம் இருக்காது, இன்னொன்றில் கரண்ட் இருக்காது. கொஞ்சம் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு நாள் காலை கார்டு செத்துவிட்டது. அவர் ஊர் வங்கியிலிருந்து போன் வந்தது. அவர் பேசியதை எனக்குப் பிறகு அப்படியே சொன்னார்.

"யாராவது உங்களை மிரட்டிப் பணம் எடுக்கச் சொல்றாங்களான்னு கேட்டாங்க அண்ணா. இல்லன்னேன். இப்ப உங்க பக்கத்துல யாராவது நிக்கறாங்களான்னு கேட்டாங்க."

"இன்னா சொன்னீங்க?"

"அண்ணா நிக்கறாருன்னேன்."

அதோடு கார்டை ஒரேயடியாகப் பூட்டிவிட்டார்கள். நான் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்புறம் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பாய் கணக்குக்கு அங்கிருந்தே நேராக அனுப்பச் சொல்லியும் கேட்டுப் பார்த்தார். யார் அந்த ஆள், எதற்கு இவ்வளவு பணம், நீங்கள் ஏமாற்றப்படுகிறீர்கள் என்று மறுத்துவிட்டார்கள்.

கடைசியில் அந்த உடம்போடு விமானம் ஏறினார். விசாவுக்கும் எப்படியும் போக வேண்டியிருந்தது. அங்கே மகள் இருந்தாள். இனி போகாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மகள் காலைப் பிடித்துக்கொண்டு அழுததாகச் சொன்னார். வங்கிக்கு நேரில் போய், ரொக்கமாக எடுத்துக்கொண்டு, விமான நிலையத்தில் முறைப்படி எழுதிக் காட்டிவிட்டு ஆவணிக் கடைசியில் திரும்பி வந்தார். சென்னையிலிருந்து நான்தான் காரில் அழைத்துவந்தேன். வேங்கிக்கால் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கலெக்டர் ஆபீஸ் பக்கம் இறங்கி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தார். வெயில். ஒரு துண்டு மேகம் இல்லை. போதும் போகலாம் என்று அவராகச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை என் மனைவி மாடிக்குப் போய் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். அவர் கையில் பித்தளைத் தட்டு. தட்டில் வெற்றிலை, மல்லிகைப் பூ, நடுவில் டாலர் கட்டு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் நான் கல்லாப் பெட்டிக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, முதலில் வருகிற ரூபாய் நோட்டுக்கும் ஒரு பொட்டு வைத்துத்தான் உள்ளே போடுவேன். ஊரில் எல்லாக் கடையிலும் இருப்பதுதான். அந்த அம்மா வருஷக்கணக்காக ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துக் கற்றுக்கொண்டார்.

கட்டை எடுத்தேன். நூறு டாலர் நோட்டில் முன்பக்கம் ஒரு பெரியவர் இருப்பார், முன்னந்தலை வழுக்கை, காதோரம் நீளமாக முடி. அவர் நெற்றியில் ஈர மஞ்சள், அதன்மேல் குங்குமம். அடுத்த நோட்டிலும். அதற்கடுத்ததிலும். தொண்ணூறுக்கு மேல் நோட்டு, ஒன்றைக்கூட விடவில்லை. அத்தனை பேரும் கோயில் ஓதுவார் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லட்சுமி அண்ணா" என்றார். "நீங்க ஒண்ணுக்குத்தான் வைப்பீங்க. நான் எல்லாத்துக்கும் வெச்சேன். ராத்திரி பூரா."

ரூபாயில் பொட்டு இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். டாலரில் பேனாவால் ஒரு புள்ளி இருந்தாலே மாற்ற மாட்டார்கள். அதை அந்த முகத்துக்கு எதிரே எப்படிச் சொல்வது? என் மனைவிதான் சொன்னாள். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அந்த அம்மா தட்டைப் பிடித்தபடியே நின்றார். தட்டு சாய்ந்து வெற்றிலை கீழே விழுந்தது.

"தொடச்சா போவாதா?" என்று மனைவி ஈரப் பஞ்சை எடுத்து ஒன்றில் தேய்த்தாள். மஞ்சள் முகம் முழுக்கப் பரவியது.

"வுடு, வுடு! இருக்கறதையும் கெடுக்காத."

"ஆமா, ஊருக்கெல்லாம் ரேட்டு எழுதிப் போடற மனுஷன். தேள் கொட்டின மாதிரி நின்னா ஆச்சா? வழியப் பாருங்க."

வழி பார்க்கிறேன் என்றேன். நான் பார்க்காத வழியா என்றும் சொன்னேன்.

சென்னைக்குக் கொண்டுபோனேன். எங்கள் கம்பெனி அதிகாரி ஒரு நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, இது நோட்டா, கல்யாணப் பத்திரிகையா? நாலு மூலைக்கும் மஞ்சள் வெச்சிருந்தா நானும் வந்து மொய் எழுதியிருப்பேன்" என்றார். அந்த ஆபீசே சிரித்தது. இருபது வருஷமாக அவர்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான். எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் நூற்றுக்கு முப்பது கழித்துக்கொண்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். போனில் கேட்டதும் அந்த அம்மா, "குடுத்துடுங்க அண்ணா" என்றார். என் கையில் கொடுத்த பணத்துக்கு முப்பது கழிவா, என் பேர் என்ன ஆவது என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு இடம், வேறு ஆள், பெங்களூரில் ஒருவர் பதில் சொல்கிறேன் என்றார், அவர் முடியாது என்று சொல்ல ஒரு வாரம்.

அந்தப் புரட்டாசியில் மலை எப்படி இருந்தது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு மழை பெய்து கழுவிவிட்டிருந்தது. விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரிந்தது. மாடியில் அந்த அம்மா தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். படியிறங்கும் காலம் முடிந்துவிட்டிருந்தது. நான் சாப்பாடு கொண்டுபோனால், "மலை இருக்கா அண்ணா?" என்று கேட்பார்.

"எங்க போவப்போவுது? ஜம்முனு இருக்குது."

"நல்லது" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

பாய் இரண்டு முறை ஆள் அனுப்பினார், மூன்றாம் முறை அவரே வந்தார். தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. "எனக்கும் நாள் நெருங்குது அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்காமல் போனார். அன்று சாயங்காலம் நான் சீட்டை எடுத்தேன், பெட்டியில் இருந்ததை எடுத்தேன், பேங்க் வைப்பில் இருந்ததை உடைத்தேன். என் சொந்தப் பணம் எட்டு லட்சத்தை மஞ்சள் பையில் போட்டுப் பாயிடம் கொடுத்தேன். டாலர் கட்டை என் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இந்தத் தெருவில் வேறு எவன் செய்வான், சொல்லுங்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லி முடித்ததும் எதிரே இருப்பவர், "ஏன், அதை முதல் நாளே செஞ்சிருக்கலாமே" என்று கேட்டுவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு ஆட்டோக்காரர்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கி மாடியிலிருந்து இறக்கினார்கள். இறக்கும்போது தூறல் போட்டது. அடி அண்ணாமலை போய்ச் சேர்வதற்குள் அடைமழை. ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டு, தலையணை உயர்த்தி, ஜன்னல் கதவைத் திறந்தேன். வெளியே வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டாற்போல மேகம். ஒரு புளியமரம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"எங்க அண்ணா மலை?"

"அங்கதான் கீது அம்மா. மேகம் மூடிக்கிச்சு. நாளைக்குத் தொறந்துடும்."

மறுநாள் திறக்கவில்லை. தினமும் போனேன், தினமும் நாளைக்கு என்றேன். ரேடியோவில் தாழ்வு நிலை என்றான், அது போனதும் இன்னொரு தாழ்வு நிலை என்றான். அந்த மலை எழுபது வருஷம் என் தலைக்கு மேல் நின்ற மலை. ஒரு நாள் ஜன்னலில் நின்று, ஒரே ஒரு நாழிகை விலகித் தொலையேன் என்று வாய்விட்டுத் திட்டினேன். கட்டிலில் அந்த அம்மா சிரித்தார். "திட்டாதீங்க அண்ணா. அது அங்கதான் இருக்கு." அவருக்கு ஆறுதல் சொல்லப்போனவன் நான்.

ஐப்பசி முடியும் தறுவாயில் ஒரு காலையில் போய்விட்டார். கூட இருந்து பார்த்துக்கொண்ட பெண்மணி சமையல்கட்டில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாளாம். உள்ளே வந்தபோது தலை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது, கண் திறந்திருந்தது என்றாள். வெளியே இன்னா தெரிஞ்சுது என்று கேட்டேன். "சாமி, நான் அவங்க மூஞ்சியத்தான் பாத்தேன். வெளிய யாரு பாத்தா?" என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைத் துணி மறுபடி தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடியா, முதலிலிருந்தே அப்படித்தானா, தெரியாது.

போலீஸ், தூதரகம், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நான்தான் அலைந்தேன். மகள் வந்தாள். அம்மாவைப் போலவே குள்ளம். பாய் எட்டு லட்சத்தையும் என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். "மௌத்தானவங்க பணம் அண்ணே, ஒரு நாளுகூட வெச்சிக்க மாட்டேன்" என்றார். நிக்காஹ் செலவுக்கு எங்கே புரட்டினாரோ, நான் கேட்கவில்லை. என் பணம் எனக்கு வந்துவிட்டதால் டாலரை மகளிடம் கொடுத்தேன். அவள் ஊர் வங்கியில் மஞ்சளோடு வாங்கிக்கொள்வார்களாம். கட்டின் மேலிருந்த நோட்டை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குங்குமத்தில் விரல் ரேகை பதிந்திருந்தது, சுழி சுழியாக. எனக்கு அதுவரை தெரியாது. எத்தனையோ முறை எண்ணியவன்தான். அவள் எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டாள்.

கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. எழுந்து போகும்போதுதான் கேட்டாள். என் இங்கிலீஷ் ஆட்டோ இங்கிலீஷ், ஆனால் அந்தக் கேள்வி தெளிவாகப் புரிந்தது. அம்மா மலையைப் பார்த்தாளா?

"எஸ், எஸ்" என்றேன். "லாஸ்ட் டே. ஃபுல் மவுண்டன்."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னாள். நான் சொன்னதை எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கே யாருக்கெல்லாம் சொல்லியிருப்பாளோ.

அதிலிருந்து ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று காலை அந்தப் பக்கம் மலை திறந்ததா என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். கொஞ்ச நேரம் என்றாலும் போதும். பெட்டிக்கடைக்காரர் திறந்தது என்றார், அப்புறம் அது வேறு நாள் என்றார். நேற்று மழையில் பால்காரரை மடக்கினேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"இன்னா பெரியவரே, இன்னும் அதையேதான் கேட்டுக்கினு கீறீங்களா? அன்னிக்கு ஊத்தற மழ. தலைல சாக்க போட்டுக்கினு வந்தேன். ரோட்டப் பாக்கறதா, மலையப் பாக்கறதா?"

"நிமிந்து ஒரு வாட்டி கூடவா பாக்கல?"

"நீங்க பாத்தீங்களா?"

பால் கேன் ஆட, மிதித்துக்கொண்டு போய்விட்டார். பாய் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி, விடியற்காலையில் பூ எடுத்துக்கொண்டு டவுனுக்கு வருகிற ஒரு பொம்பிளை இருக்கிறாளாம். அவளை இன்னும் கேட்கவில்லை.